உயிருள்ள விண்கலம் எழுதப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் உட்கார்ந்து அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் உயிருள்ள விண்கலத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்களுக்கு மலையை விட்டு அதிகம் இறங்கவில்லை. சோலை, தேயிலை, உருளைக்கிழங்கு, முத்தோரையின் ரேடியோ தொலைநோக்கி என எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

எதை உயிருள்ள விண்கலம் என்று சொல்வது?

சுவரைக் கீறினால் ரத்தம் வந்துவிட்டால் மட்டும் போதாது. அது தின்ன வேண்டும், கழிவைத் தள்ள வேண்டும், காயத்தைத் தானே மூட வேண்டும், ஒருநாள் சாகவும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தோல் போர்த்திய இரும்புதான். கணினிக்குப் பதிலாக மனித மூளையைப் பொருத்திய உலோகக் கலம் தனி வகை. அது இங்கே கணக்கில் இல்லை.

மிச்சமிருப்பவை மூன்று: விண்வெளியிலேயே பிறந்த மிருகம், மனிதர்கள் விதை போட்டு வளர்த்த மரம், பல உயிர்கள் சேர்ந்து ஒரு கலமாக வாழும் கூட்டம். மூன்றாவதில்தான் கதைக்கு அதிக இடம் இருக்கிறது. உறுப்புகளே ஒன்றோடொன்று கோபித்துக்கொள்ளலாம். ராபர்ட் ஷெக்லி 1953-லேயே அப்படி ஒரு சிறுகதை எழுதிவிட்டார். மர வகைக்கு இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1972-ல் லண்டனில் ஆற்றிய உரைதான் ஆரம்பம். வால்நட்சத்திரத்தில் வேரூன்றி வளரும் மரங்களைப் பற்றி அதில் பேசினார்.

இடையில் ஒரு சுவாரசியம்: இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘செல்’லுக்கே ‘கலம்’ என்றுதான் பெயர். தலைப்பு தேடுகிறவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

என் கலம் ஆயிரம் டன். அது எவ்வளவு தின்னும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்காமல் எழுதிய கதைகள்தான் பாதியில் படுத்துவிடுகின்றன.

வெப்பரத்தப் பிராணிகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932-ல் கண்டது. எடையைக் கிலோவில் எழுதுங்கள். அதற்கு வர்க்கமூலம் எடுங்கள். வந்த விடைக்கு இன்னொரு முறை வர்க்கமூலம் எடுங்கள். இரண்டு விடைகளையும் பெருக்கி, 3.4-ஆல் பெருக்கினால் ஓய்வில் எரியும் ஆற்றல் வாட்டில் வரும். 4 டன் முதுமலை யானைக்குப் போட்டால் சுமார் 1.7 கிலோவாட். குளியலறை கீசரைவிடக் கொஞ்சம் குறைவு.

ஆயிரம் டன் என்றால் 10 லட்சம் கிலோ. முதல் மூலம் 1000, இரண்டாவது 31.6, விடை ஏறக்குறைய 107 கிலோவாட். இதை அரிசியாக மாற்றினால் நாளுக்கு 615 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை 25. இது சும்மா மிதந்துகொண்டிருப்பதற்கான தீனி மட்டுமே. ஓடவும் சண்டை போடவும் தனிக்கணக்கு.

மூட்டை ஏற்ற முடியாது, வெயிலைத் தின்னட்டும் என்கிறீர்களா? பூமியின் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் வெயில் விழுகிறது. நல்ல பயிர் அதில் 1 முதல் 2 சதவீதத்தைத்தான் உணவாக்கும். தாராளமாக 2 என்று வைத்தாலும் 107 கிலோவாட்டுக்கு 3,950 சதுர மீட்டர் இலை வேண்டும். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். கலத்தின் உடம்போ உருண்டையாக இருந்தால் 6.2 மீட்டர் ஆரம்தான், அதன் மேல் விழும் வெயில் 120 சதுர மீட்டருக்கு மட்டுமே. எனவே தோல் பச்சையாக இருந்தால் போதும் என்பது நடக்காது. ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டத்தைப் பாய் போல விரித்து, பின்னால் ஒரு சின்ன உடம்பு தொங்குவதாகக் கற்பனை செய்யுங்கள். உருவம் அப்போதுதான் சரியாக வரும்.

குளிர்ரத்தப் பிராணியாக மாற்றினால் தேவை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும். 10 சென்ட் போதும். பதிலுக்குக் கலம் பல்லியைப் போல மந்தமாக இருக்கும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் போகட்டுமே?

போகலாம், பாய் பெரிதாகும். செவ்வாயின் தூரத்தில் வெயில் சுமார் 590 வாட், எனவே இரண்டேகால் ஏக்கர். வியாழனில் 50 வாட், 26 ஏக்கர். அதற்கப்பால் இலையை மறந்துவிட்டு, கொழுப்பைச் சேர்த்துவைத்துத் தூங்கும் கலத்தை எழுதுங்கள்.

இலையைப் பராமரிப்பது யார்?

தேயிலைக்காரர்களிடம் கேட்டால் கவ்வாத்து என்பார்கள். வெட்டாமல் விட்ட செடி மரமாகி, கொழுந்து குறைந்துவிடும். தென்னிந்தியாவில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள். ஆனால் வெட்டிய செடி மறுபடி துளிர்க்க இலை உதவாது, இலைதான் இல்லையே. வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்துதான் அதைத் தூக்கிவிட வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முன் பென்சில் தடிமன் வேர் ஒன்றை எடுத்துக் குறுக்கே நறுக்கி, அயோடின் கரைசல் தடவிப் பார்ப்பார்கள். வெட்டுமுகம் நீலக்கறுப்பாக மாறினால் வெட்டலாம். பழுப்பாகவே நின்றால் செடி பட்டினியில் இருக்கிறது, அப்போது கத்தி வைத்தால் காய்ந்துபோகும்.

இதை அப்படியே கலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மாலுமி கையில் கத்தியும் அயோடின் குப்பியும், வெட்டுமுகத்தின் நிறத்துக்காகக் காத்திருக்கும் அரை நிமிடம். லேசர் சண்டையைவிட இதில் பதற்றம் அதிகம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

தரையிலிருந்து கிளம்ப முடியுமா?

முடியாது. உயிர் தயாரிக்கக்கூடிய எரிபொருளில் நம்பத்தகுந்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. பாம்பார்டியர் வண்டு அதை வயிற்றில் வைத்து, நூறு டிகிரி நெருங்கும் சூட்டில் எதிரி மேல் பீய்ச்சுகிறது. ஆனால் வண்டிடம் இருப்பது சுமார் 25 சதவீதக் கரைசல். ராக்கெட்டுக்கு 85-க்கு மேல் வேண்டும். அப்படி அடர்த்தியாக்கினாலும் வெளியேறும் வேகம் வினாடிக்கு 1.7 கிலோமீட்டர் போலத்தான். பூமியின் சுற்றுப்பாதைக்கு ஏற 9.4 கிலோமீட்டர் வேகம் தேவை. கணக்குப் போட்டால் ஒரு டன் உடம்புக்கு 250 டன் பெராக்சைடு. கலம் விண்வெளியிலேயே பிறக்கட்டும்.

அந்த ஒரு ஏக்கர் பாயையே சூரியப் பாயாக வைத்துத் தள்ளினால்?

ஒளியின் அழுத்தம் உண்மைதான். ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் 2010-ல் 14 மீட்டர் சதுரப் பாயை விரித்துக் காட்டியது. ஆனால் முழுக்கப் பிரதிபலிக்கும் ஒரு ஏக்கர் கண்ணாடிக்கே கிடைப்பது 0.037 நியூட்டன். ஆயிரம் டன் கலம் ஒரு வருடம் தள்ளுண்டபின் அடையும் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் சொச்சம். ஊட்டி ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் முந்திவிடுவார்கள். இலை ஒளியை விழுங்குவதால் அதிலும் பாதிதான்.

உள்ளே காற்றழுத்தம் எவ்வளவு வைப்பது? சதைச் சுவர் வெடிக்காதா?

கடல்மட்ட அழுத்தம் வைத்தால் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10.3 டன் வெளியே தள்ளும். ஊட்டி அழுத்தம் வைத்தால் 8 டன். 2,240 மீட்டர் உயரத்தில் லட்சக்கணக்கானவர்கள் சுகமாக வாழ்கிறார்கள், கலத்திலும் வாழலாம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், பருப்பு வேகக் குக்கர் வேண்டும், அவ்வளவே.

வெடிக்கும் பயம் வேண்டாம். ஒரு சாதாரண இலையின் செல்லுக்குள்ளேயே 5 முதல் 10 மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, கார் டயரைவிட அதிகம். உண்மையான ஆபத்து வறட்சி. வெற்றிடத்தில் ஈரம் நில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். சோலை மரங்களின் இலைகளைத் தடவிப் பாருங்கள்: சிறியவை, தோல் போன்றவை, மெழுகு பூசியவை. காட்டுப் பூவரசு இலையின் அடிப்பக்கத்தில் மெத்தை போல ரோமம். காற்றும் பனியும் உறிஞ்சாமல் இருக்கச் செய்த ஏற்பாடுகள்தான் இவை. கலத்தின் தோலை இங்கிருந்து கடன் வாங்குங்கள். மூக்குத்துவாரம் போலத் திறந்து மூடும் துளைகளை மட்டும் வெளிப்பக்கம் வைக்காதீர்கள்.

விண்கல் துளைத்தால் காயம் ஆறும்வரை காற்று தாங்குமா?

தாங்கும். 100 கனமீட்டர் அறையில் 2 சென்டிமீட்டர் விட்டத்தில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் பாதியாக ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும். திரைப்படங்களில் வருவதுபோல ஆளை உறிஞ்சி எறியாது. பால் மரங்களின் பால் போல ஒன்று ஊறி வந்து, வெற்றிடத்தைத் தொட்டதும் அதன் நீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியாதலே மிச்சத்தை உறையவைத்து அடைப்பாக்கும். பிசின் அதற்குப் பின்னால் மெதுவாகக் கெட்டிப்படலாம்.

ஒரு நுணுக்கம்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே புதிதாக வளர்கிறது. பழைய காயம் உள்ளேயே இருக்கும். ஐம்பது வயதுக் கலத்தின் சுவரை அறுத்தால் அது பட்ட அடியெல்லாம் வரிசையாகத் தெரிய வேண்டும்.

விண்வெளியில் கலம் உறையுமா, வேகுமா?

ஆயிரம் டன் கலம் உறையும். அதன் 107 கிலோவாட் சூடு 480 சதுர மீட்டர் தோல் வழியே கதிராகப் போய்க்கொண்டிருக்கும். வெயில் இல்லாத இடத்தில் தோல் மைனஸ் 23 டிகிரியில்தான் நிலைக்கும். ஸ்வெட்டர் வேண்டும், அதாவது கொழுப்பும் ரோமமும்.

உடம்பு பெரிதானால் நிலைமை மாறும். 10 லட்சம் டன் கலம் 62 மீட்டர் ஆரம், 19 மெகாவாட் சூடு. போர்வையே இல்லாமல் தோல் 16 டிகிரியில் நிற்கும், கொடைக்கானலின் இதமான பகல் போல. ஆனால் இலைக்கு 173 ஏக்கர், ஒரு எஸ்டேட்டே வேண்டும்.

நிழலுக்குள் போய் வெளியே வரும்போது கவனம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்த காலையில் தேயிலை கருகுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரவின் குளிரோடு சேதம் முடிவதில்லை, உறைந்த இலைமேல் சட்டென்று அடிக்கும் வெயில் அதை இன்னும் மோசமாக்குகிறது. கலத்தை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள்.

கதிர்வீச்சு?

இதுதான் கடினமான கேள்வி. ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் அண்டக்கதிர்களை அளக்கிறது. மற்ற துகள்களை வடிகட்ட மேலே கான்கிரீட் அடுக்கி, அதையும் துளைத்து வரும் மியூவான்களை 560 சதுர மீட்டர் பரப்பில் பிடிக்கிறார்கள். அந்த ஆய்வகத்துக்கு மேலே இருக்கும் காற்றை எடை பார்த்தால் 8 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். நாம் பிழைத்திருப்பது அந்த 8 மீட்டரால்.

சதை பெரும்பாலும் தண்ணீர்தான். அப்படியானால் ஊட்டி அளவு பாதுகாப்புக்குச் சுவர் 8 மீட்டர் தடிமன் வேண்டும். ஆயிரம் டன் கலத்தின் ஆரமே 6.2 மீட்டர்! 10 லட்சம் டன் கலத்தில் தாராளமாக வைக்கலாம். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் உள்ளே வாழும் கதை என்றால் பெரிய கலத்தையே எடுங்கள். சின்னக் கலம் என்றால் பயணத்தைச் சுருக்குங்கள். நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளுக்கு 1.8 மில்லிசீவர்ட். தரையில் ஒரு வருடத்துக்கே உலகச் சராசரி 2.4 தான்.

நிஜத்தில் ஏதாவது உயிர் வெட்டவெளியில் பிழைத்திருக்கிறதா?

நீர்க்கரடிகள் என்ற நுண்ணிய பிராணிகள் 2007-ல் விண்வெளியில் பத்து நாள் சுற்றிவிட்டுத் திரும்பின. அவற்றைவிட வியப்பு லைக்கன். பிரியாணிக்குப் போடும் கல்பாசியின் உறவுக்காரர்கள் சிலர் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் ஒன்றரை வருடம் இருந்து, திரும்பி வந்தபின் ஒளிச்சேர்க்கை செய்தார்கள். லைக்கன் என்பதே பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம், ஆகவே கூட்டு வகைக் கலத்துக்கு நல்ல முன்மாதிரி. ஆனால் அவை பிழைத்தது உலர்ந்து தூங்கிய நிலையில். வெற்றிடத்தில் விழித்திருந்து வளர்ந்த உயிர் எதுவும் இல்லை. கதையில் இந்த வித்தியாசத்தை மறைத்தால் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

வாலில் அடிபட்டால் தலைக்கு எப்போது தெரியும்?

முத்தோரையில் மலைச்சரிவோடு படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். அந்த நீளத்துக்கு ஒரு கலம் என்று வையுங்கள். நம் உடம்பின் வேகமான நரம்பு (வினாடிக்கு 100 மீட்டர்) இருந்தால் 5 வினாடி. உறையில்லாத மெதுவான நரம்பு என்றால் ஏறக்குறைய 9 நிமிடம். தொட்டாற்சுருங்கியின் வேகம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல். ஒரே மூளை போதாது. ஆக்டோபஸ் தன் நரம்பணுக்களில் பெரும்பகுதியைக் கைகளில்தான் வைத்திருக்கிறது. கலத்துக்கும் இடத்துக்கு இடம் குட்டி மூளைகள் வேண்டும். அவை தலைமையிடம் கேட்காமல் முடிவெடுக்கும். கதை அங்கேதான் சூடு பிடிக்கும்.

கலத்தை ‘அது’ என்பதா, ‘அவள்’ என்பதா?

ஆங்கிலத்தில் கப்பலைப் பெண்ணாகச் சொல்வது கடலோடி வழக்கம். அதைப் பார்த்து நாமும் ‘அவள்’ போடத் தேவையில்லை. தமிழில் இது திணைக் கேள்வி. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவு வாரியாக அடுக்குகிறது: தொடுவுணர்வு மட்டும் இருந்தால் ஓரறிவு, பிறகு நாக்கு, மூக்கு, கண், செவி, ஆறாவதாக மனம். புல்லும் மரமும் ஓரறிவு. கலத்தை வடிவமைக்க இதைவிட வசதியான பட்டியல் கிடையாது. உள்ளே காற்று கெட்டால் மோப்பம் பிடிக்க மூன்று அறிவு போதும். திசை பார்க்கக் கண் வேண்டும். வெற்றிடத்தில் செவி வெளிப்பக்கம் வீண், உள்ளே மாலுமிகள் பேசுவதை ஒட்டுக்கேட்கத்தான் உதவும்.

ஆறாவது அறிவு வரும்வரை ‘அது’. வந்துவிட்டதா என்று மாலுமிகளுக்குள்ளேயே கருத்துவேறுபாடு இருக்கட்டும். கிழவர் ‘வந்துருச்சு’ என்பார், பேத்தி ‘வந்துட்டா’ என்பாள். ஒரு விகுதியில் முடியும் வேலை. மாட்டுக்கு லட்சுமி என்று பேர் வைத்து ‘வந்துட்டா’ என்று சொல்லும் வீடுகளில் இது புதிதல்ல. ‘அம்மா’ என்று கலத்தை அழைக்கும் காட்சி மட்டும் போதும் போதுமென்றாகிவிட்டது.

நோய் வருமா?

வராவிட்டால்தான் ஆச்சரியம். ஒரே தாய்ச்செடியின் குச்சிகளிலிருந்து வளர்த்த தோட்டம் போல எல்லாக் கலங்களும் ஒரே மரபில் வந்திருந்தால், ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். ஈரமும் மூடுபனியும் நாள் கணக்கில் நின்றால் தேயிலையில் கொப்புள நோய் பரவுவதுபோல, கலத்தின் ஈரமான உட்சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

கதைக்கு இன்னும் பொருத்தமானது உருளைக்கிழங்கின் தங்க நூற்புழு. நீலகிரியில் 1961-ல் கண்டுபிடித்தார்கள். பெண்புழு செத்தபின் அதன் உடம்பே கடினக்கூடாகி, உள்ளே முட்டைகள் வருடக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். உருளைக்கிழங்கு வேர் கசியவிடும் சாற்றின் வாசம் பட்டால்தான் பெருமளவு பொரியும். மண்ணைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், நட்டபின்தான் தெரியும். இதற்காகவே இங்கத்திய விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார்கள். கலங்கள் வந்து நிற்கும் துறைமுகத்துக்கு இப்படி ஒரு சட்டம் எழுதுங்கள், கடத்தல்காரர் தானாக முளைப்பார்.

ஆக்சிஜனைக் கலமே தருமா?

ஒருவருக்கு நாளுக்கு 0.84 கிலோ வேண்டும். மூடிய அறைக்குள் ஆட்களை வாழவைத்துப் பார்த்த ரஷ்யாவின் பயாஸ்-3 சோதனையில் ஒருவருக்கு 8 சதுர மீட்டர் குளோரெல்லா பாசி, பலமான விளக்கடியில். ஆறு பேருக்கு ஒரு சென்டுக்குச் சற்று மேல். ஆனால் கலமும் மூச்சு விடும், ஆயிரம் பேர் அளவுக்கு! அரிசோனாவின் பயோஸ்பியர்-2 என்ற அடைத்த கண்ணாடிக் கூடத்தில் 1991-ல் கதவை மூடியபின் ஆக்சிஜன் 20.9-லிருந்து 14 சதவீதச் சொச்சத்துக்கு இறங்கியது. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொண்டன. அவை விட்ட கார்பன் டை ஆக்சைடைக் கான்கிரீட் குடித்துவிட்டதால் செடிக்கும் கிடைக்கவில்லை. பட்டினி கிடக்கும் கலம் மனிதர்களின் மூச்சைத் திருடுவதற்கு வில்லத்தனம் எதுவும் தேவையில்லை.

குட்டி போடுமா?

குறிஞ்சியைப் பாருங்கள். பன்னிரண்டு வருடம் வளர்ந்து, எல்லாம் ஒன்றாகப் பூத்து, விதைத்துச் செத்துவிடும். 2006, 2018, அடுத்தது 2030. கலமும் அப்படி என்றால், பூக்கும் பருவம் நெருங்கும் கலத்தில் பயணச்சீட்டு மலிவாகக் கிடைக்கும்.

விதை வேறு கோளில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து பட்டைக்கும் விறகுக்கும் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரம் நம் புல்வெளிகளை என்ன செய்தது என்று பார்த்தால் போதும். வெட்டினால் வேரிலிருந்து கிளம்பும், தீ வைத்தால் மண்ணிலிருக்கும் விதை முளைக்கும். 1967-ன் விண்வெளி ஒப்பந்தம் இப்படி மாசுபடுத்தக் கூடாது என்கிறது.

கையால் தொட்டுப் பார்க்க ஒரு மாதிரி செய்யலாமா?

காளான் இழையால் வீடு வளர்க்கும் யோசனையை நாசாவே ஆராய்கிறது. சின்ன ஓடு ஒன்றை வீட்டில் வளர்க்கலாம்.

அரைக் கிலோ வைக்கோலை 3 சென்டிமீட்டராக நறுக்கி இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் 80 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம். ஊட்டியில் அது கொதிக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. வடித்து ஆறவையுங்கள். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. ஈர எடையில் பத்தில் ஒரு பங்கு சிப்பிக்காளான் வித்து கலந்து, ஸ்பிரிட்டில் துடைத்த இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்களுக்கு நடுவே 3 சென்டிமீட்டர் தடிமனில் அழுத்தி நிரப்புங்கள். மேல்கிண்ணத்தில் ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளை. இருட்டில், 22 முதல் 26 டிகிரியில் இரண்டு வாரம். மலையில் ராத்திரிக் குளிருக்குத் தெர்மோகோல் பெட்டியில் சுடுநீர்ப் பாட்டிலோடு வையுங்கள், அப்படியும் மூன்று வாரம் ஆகலாம். வெள்ளைப் பூத்து ஒன்றாகப் பிடித்தபின் கிண்ணத்தைக் கழற்றி, ஈரத்துணி மூடி மூன்று நாள் விட்டால் வெளித்தோல் தடிக்கும். பிறகு ஓவனில் 80 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். உலர்த்தாவிட்டால் காளான் முளைக்கும்.

பச்சைத் திட்டு வந்தால் அது ட்ரைக்கோடெர்மா என்ற வேறு பூஞ்சை. வைக்கோல் சரியாகச் சூடாகவில்லை, அல்லது ஈரம் அதிகம். சுரண்டிவிட்டுத் தொடரலாம் என்று பார்க்காதீர்கள், வித்து பச்சையுடன் போட்டி போட்டு ஜெயிக்காது. வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவி, புது வைக்கோலில் ஆரம்பியுங்கள்.